கோழிகளுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது, தீனியை எப்படி மாற்றுவது?

லத்தேரி வாசல் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். லத்தேரி பக்கத்தில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட் இடம், நாலு பக்கமும் மதில். அதில் எட்டுப் பெட்டை, இரண்டு சேவல். பாதி சிறுவிடை என்கிற சின்ன உடம்பு நாட்டுக்கோழி, மீதி கலப்பு. முன்பெல்லாம் வெளியே திறந்து விடுவோம். தெருவில் நாய்த் தொல்லை அதிகமானதால் போன ஆடியிலிருந்து மதிலுக்குள்ளேயே வைத்திருக்கிறோம்.

தீனிக்குக் குறைவே கிடையாது. காலையில் அம்மா பழைய சோறும் நொய்யும் போடுவார். மத்தியானம் மீந்த சாதம், இட்லி. மாலையில் மக்காச்சோளம், தட்டு காலியாகும் வரை. மாமாவுக்கு டீக்கடை இருப்பதால் விற்காத பன், ரஸ்க் எல்லாம் இங்கேதான் வரும்.

போன வாரம் ஒரு சிறுவிடைப் பெட்டை காலையில் கூண்டுக்குள் செத்துக் கிடந்தது. முந்தின நாள் மாலைகூட நன்றாகத் தின்றது. கழிச்சல் இல்லை, சளி இல்லை. கொண்டை மட்டும் வெளுத்திருந்தது. எடை போட்டால் இரண்டு கிலோவுக்கு மேல். கோழி அறுக்கும் அண்ணனிடம் காட்டினோம். வயிறு முழுக்க மஞ்சள் கொழுப்பு, இரண்டு கை நிறைய வந்தது. ஈரலும் மஞ்சளாக இருந்தது, தொட்டதும் பொடிந்தது. பக்கத்தில் ரத்தம் கட்டியாக உறைந்திருந்தது. சமைக்க வேண்டாம், புதைத்துவிடுங்கள் என்றார், புதைத்துவிட்டோம்.

மற்ற கோழிகளும் கனமாகத்தான் இருக்கின்றன. இப்போதே, பங்குனி வெயிலுக்கே, மத்தியானம் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன. முட்டை குறைந்துவிட்டது. வருகிற முட்டைக்கும் ஓடு மெல்லிசு, ஒன்று ஓடே இல்லாமல் தோல் முட்டையாக வந்தது.

இது மற்றதற்கும் பரவுகிற நோயா? தீனியைப் பாதியாகக் குறைக்கலாமா? கறிக்கோழித் தீவனம் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கிறது, அதை வாங்கிப் போடலாமா? குறைக்கலாம் என்றால் அம்மா ஒத்துக்கொள்வதில்லை. வாயில்லா ஜீவனைப் பட்டினி போடக் கூடாது என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


அணைக்கட்டுக் கழனி எழுதியது:

எங்கள் பாட்டி கோழிக்கென்று தனியாகத் தீனி வைத்ததே இல்லை. காலையில் கூடையைத் தூக்கி விடுவார், பொழுது சாய்ந்தால் கவிழ்ப்பார். அந்தக் கோழிகள் எல்லாம் கல் மாதிரி இருந்தன. நீங்கள் தீனியைப் பாதியாக்குங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் மட்டும் வைத்தால் கொழுப்பு தானாகக் கரையும்.


மோர்தானாக் கரை எழுதியது:

தம்பி, படித்ததும் மனசு கஷ்டப்பட்டது. அம்மா அன்பாகப் போட்ட தீனி, கோழியும் ஆசையாகத் தின்றது, அதுவே உயிரை எடுத்துவிட்டது. நான் குடியாத்தம் பக்கம். கல்யாணமாகி வந்த நாள் முதல் இந்த வீட்டில் கோழி இல்லாமல் இருந்ததில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பட்டினி மட்டும் போடாதீர்கள். அணைக்கட்டு அண்ணனின் பாட்டி தீனி வைக்கவில்லை, சரி. ஆனால் அந்தக் கோழி சும்மா இருக்கவில்லையே! எருக்குழியைக் கிளறிப் புழு தின்றது. வரப்பில் வெட்டுக்கிளி பிடித்தது. களத்தில் சிதறிய மல்லாட்டை (வேர்க்கடலை), கேழ்வரகு, புல் விதை, கீரைக் கொழுந்து, மழைக்கு முளைத்த ஈசல் என்று வகை வகையாகத் தின்றது. அதைத் தேடி நாள் முழுக்க நடந்தது. உங்கள் மதிலுக்குள் இது எதுவும் கிடையாது. இருப்பது மாவுச்சத்து மட்டும். அதையும் பாதியாக்கினால், ஏற்கெனவே கிடைக்காத புரதம் இன்னும் குறையும். திடீரென்று பட்டினி கிடந்தால் கோழி முட்டையை நிறுத்திவிட்டு இறகை உதிர்க்கும். கொழுப்பு ஏறிய ஈரலுக்கும் அது நல்லதில்லை.

என் கணக்கைக் கேளுங்கள். வளர்ந்த நாட்டுக்கோழி ஒரு நாளைக்கு 90 கிராம் அளவுக்கு நல்ல கலப்புத் தீவனம் தின்னும். அதில் 16 சதவீதம் புரதம் என்றால் சுமார் 14 கிராம் புரதம் உடம்பில் சேரும். ஒரு நாட்டு முட்டைக்குள் மட்டுமே ஐந்து கிராம் போகிறது. மீதியில்தான் இறகு, சதை எல்லாம். அந்த 14 கிராமைச் சோற்றிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் என்ன ஆகும்? நூறு கிராம் சோற்றில் புரதம் இரண்டரை கிராம்தான். அரைக் கிலோவுக்கு மேல் தின்றாக வேண்டும். எந்தக் கோழிக்கு அவ்வளவு வயிறு இருக்கிறது? அப்படியே தின்றாலும் 700 கிலோ கலோரிக்கு மேல் உடம்பில் ஏறும். அதற்குத் தேவையோ 250 பக்கம். மக்காச்சோளமும் இதே கதைதான், நூறு கிராமுக்கு ஒன்பது கிராம் புரதம், 330 கிலோ கலோரி.

ஆக, உங்கள் கோழிகள் கொழுத்துப்போய், அதே சமயம் பசியோடும் இருக்கின்றன. தட்டு காலியாகும் வரை தின்பதற்குக் காரணம் இதுதான். உடம்பு கேட்கிற புரதம் கிடைக்கிற வரை கொத்திக்கொண்டே இருக்கும். கூடுதலாகப் போன மாவுச்சத்தை ஈரல் கொழுப்பாக்கி வயிற்றில் கொண்டுபோய்ச் சேர்க்கும். கோழிக்குக் கொழுப்பு உருவாவது பெரும்பாலும் ஈரலில்தான். அதனால்தான் முதலில் கெடுவதும் அதுதான். இதை அம்மாவிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள். குறைக்கச் சொன்னால் மனசு கேட்காது. பசி தீரவில்லை, வேறு சாப்பாடு வேண்டும் என்றால் அவரே முன்னால் நிற்பார்.

இன்று ராத்திரி ஒரு வேலை செய்யுங்கள். கோழிகள் அடைந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வையுங்கள். இருட்டில் திமிறாது. நடு நெஞ்சில் கத்தி முதுகு போல ஓர் எலும்பு ஓடும், விரலால் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை இருந்து, எலும்பின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட்டால் நல்ல உடம்பு. எலும்பு கூராகத் துருத்தினால் மெலிவு. தேடினாலும் கிடைக்காமல் இருபுறமும் மெத்தென்று மேடு கட்டியிருந்தால் கொழுப்பு. அப்புறம் பின்பக்கம், ஆசனவாய்க்குக் கீழே கையை வையுங்கள். முட்டையிடும் கோழிக்கு அந்த இடம் மெதுவாக, தோல் லேசாக இருக்கும். கொழுத்த கோழிக்குத் தடித்துத் தொங்கும். இறகை ஊதி விலக்கினால் தோலுக்கடியில் மஞ்சள் தெரியும். ஒன்றைக் கவனியுங்கள், வயிறு தண்ணீர்ப் பை போலத் தளதளவென்று ஆடினால் அது கொழுப்பு இல்லை. வயிற்றில் நீர் கோத்திருக்கலாம், அல்லது முட்டை உள்ளேயே உடைந்து சீழ் வைத்திருக்கலாம். அதற்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

எடையும் பாருங்கள். சாக்குப் பையில் போட்டுத் தூக்குத் தராசில் மாட்டினால் போதும். காலையில், தீனி வைப்பதற்கு முன்னால். சிறுவிடைப் பெட்டை ஒன்றேகால், ஒன்றரைக் கிலோ இருக்கும். இரண்டைத் தொட்டால் அதிகம். பெருவிடைக் கலப்புக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது இரண்டரை இருந்தாலும் சரியான உடம்பாக இருக்கலாம். அதனால்தான் எடையை விடக் கையை நம்புங்கள் என்கிறேன்.

கறிக்கோழித் தீவனம் வேண்டவே வேண்டாம். ஆறு வாரத்தில் குஞ்சை இரண்டு கிலோ ஆக்குவதற்காகச் செய்தது அது. கிலோவுக்கு 3100, 3200 கிலோ கலோரி இருக்கும். முட்டைக்கோழித் தீவனம் என்று தனியாகக் கேட்டு வாங்கலாம். அதில் 2600 பக்கம்தான், புரதமும் சுண்ணாம்புச் சத்தும் முட்டைக்கு ஏற்றபடி இருக்கும். ஆனால் உங்களிடம் சேவலும் இருக்கிறதே. முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து மூன்றரை சதவீதத்துக்கு மேல் போகும். சேவலுக்கும் வளரும் குஞ்சுக்கும் அது தேவையில்லாத பாரம், சிறுநீரகம் கெடும். அதனால் எல்லாம் சேர்ந்து திரியும் இடத்தில் வீட்டுக் கலவை நல்லது, சுண்ணாம்புச் சத்துக்குக் கிளிஞ்சல் (சிப்பி ஓடு) தனிச் சட்டியில். தேவையான பெட்டை தானாகப் போய்க் கொத்தும், சேவல் திரும்பிப் பார்க்காது.

நான் கலப்பது, பத்துக் கிலோவுக்கு: உடைத்த மக்காச்சோளம் 5 கிலோ, கம்பு 1 கிலோ, தவிடு ஒன்றே முக்கால், சோயாப் புண்ணாக்கு ஒன்றரை, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் அரைக் கிலோ, தாது உப்புக் கலவை கால் கிலோ. இதில் 16, 17 சதவீதம் புரதம் வந்துவிடும். உப்புக் கருவாடு மட்டும் வாங்கிவிடாதீர்கள், உப்பு அதிகமானால் கோழிக்கு விஷம். தவிடு அந்தந்த வாரத்தில் அரைத்ததாக இருக்கட்டும். எண்ணெய் எடுக்காத தவிடு வெயிலில் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும்.

உங்கள் பத்துக் கோழிக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். விடிந்ததும் கலவையில் அரைக் கிலோ. பொழுது சாயும்போது இன்னொரு 300 கிராம். அதற்குப் பிறகு நூறு கிராம் கம்போ கேழ்வரகோ எடுத்து, பரப்பி வைத்த வைக்கோலில் வீசி விடுங்கள். தட்டில் வைத்தால் நின்ற இடத்தில் தின்னும். வைக்கோலில் வீசினால் அரை மணி நேரம் கிளறும். அகத்தி, முருங்கைக் கொழுந்து, முள்ளங்கித் தழை கிடைத்தால் கட்டாகக் கட்டிக் கோழிக்குக் கொஞ்சம் எட்டாத உயரத்தில் தொங்கவிடுங்கள். குதித்துக் குதித்துத் தின்னும். நடக்க இடமில்லாத கோழிக்கு இந்த வேலைதான் நடை.

காலையில் சத்துள்ளது, கடைசியில் தானியம். இந்த வரிசை மாறக் கூடாது. முதலில் சோற்றைப் போட்டால் தீனிப்பை நிறைந்துவிடும், அப்புறம் கலவையை முகர்ந்துகூடப் பார்க்காது.

பன், ரஸ்க், மிக்சர், அப்பளம், ஊறுகாய் பட்ட சோறு இவற்றை இன்றோடு நிறுத்துங்கள். மாமாவுக்குச் சங்கடமாக இருந்தால் வாங்கிக்கொண்டு உரக்குழியில் போடுங்கள். அதில் புழு வைக்கும். அந்தப் புழுவைக் கோழி தின்னட்டும்.


பாலாற்றோரம் எழுதியது:

கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். மோர்தானாக் கரை அம்மா சொன்னதை ஒப்புக்கொண்டு, ஈரலைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளங்கள், அதாவது தீனி தின்ற கோழி திடீரென்று சாவது, வெளுத்த கொண்டை, பொடியும் மஞ்சள் ஈரல், பக்கத்தில் உறைந்த ரத்தம், இவை எல்லாம் கொழுப்பு ஈரல் ரத்தக்கசிவு என்கிற நோயைக் காட்டுகின்றன. கொழுப்பு ஏறிய ஈரல் வலுவிழந்துவிடும். முட்டையிட முக்கினாலோ, சேவல் மிதித்தாலோ, பயந்து பறந்தாலோ கிழிந்து ரத்தம் கொட்டும். தொற்றாது, பரவாது. ஆனால் ஒரே தீனி தின்ற எல்லாக் கோழிக்கும் ஒரே ஆபத்து உண்டு. கூண்டில் அடைபட்ட முட்டைக்கோழிகளிடம், குறிப்பாக வெயில் காலத்தில், இது அதிகம் வரும்.

இன்னொரு காரணத்தையும் பார்த்தாக வேண்டும். நம் பக்கம் மல்லாட்டை நாடு. செக்கில் ஆட்டிய புண்ணாக்கு வீட்டில் கிடக்கும், எடுத்துக் கோழிக்குப் போடுவோம். 40 சதவீதத்துக்கு மேல் புரதம் இருக்கிறது, தீனியாக நல்லதுதான். ஆனால் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்தால் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும். இந்த நஞ்சைக் கண்டுபிடித்ததே பறவைகள் செத்ததால்தான். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் செத்தன. காரணம் தேடிப் போனால், பிரேசிலிலிருந்து வந்த வேர்க்கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை. அதுவும் ஈரலைத்தான் தாக்கும். காய்ச்சினாலும் வறுத்தாலும் முழுதாகப் போகாது. மக்காச்சோளத்திலும் வரும். உங்கள் மக்காச்சோள மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். பச்சையாகவோ கறுப்பாகவோ பூத்திருந்தால், மக்கிய வாடை அடித்தால், கழுவிக் காய வைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள். அப்படியே கொட்டிவிடுங்கள். இனி வாங்கும்போதும் மூட்டையைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரை ஒட்டாமல் வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் ஒரு மாதத்துக்கு மேல் சேமிக்காதீர்கள்.

அடுத்த முறை கோழி செத்தால் புதைக்காமல், அன்றே, ஐஸ் வைத்துக் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். உறைபெட்டியில் கல்லாக உறைய வைத்தால் உள்ளுறுப்பு கெட்டு ஒன்றும் தெரியாது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி, ஆராய்ச்சி மையம் வேலூரிலேயே இருக்கிறது. விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. இரண்டிலும் கோழி வளர்ப்பு பற்றிக் கேட்கலாம்.

வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய்க்குத் தடுப்பூசி போட்டாயிற்றா? அந்தத் தடுப்பு மருந்தை நம் ராணிப்பேட்டையிலேயே, 1932இல் தொடங்கிய நிலையத்தில், தயாரிக்கிறார்கள். பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிச்சல், கழுத்துத் திருகல் என்று வந்தால் தீனியை மாற்றி என்ன பயன்? தடுப்பூசி இல்லாத கோழிக்கு நான் தீனி பற்றிப் பேசவே மாட்டேன்.


லத்தேரி வாசல் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. நேற்று ராத்திரி அம்மாவே விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார், நான் தடவிப் பார்த்தேன். ஆறு பெட்டைக்கு நெஞ்செலும்பு தட்டுப்படவே இல்லை. இரண்டு இளம் பெட்டைகளும் சேவல்களும் சரியாக இருக்கின்றன. மக்காச்சோள மூட்டையின் அடியில் கொஞ்சம் பூத்திருந்தது, மொத்தமும் கொட்டிவிட்டோம். தடுப்பூசி பிப்ரவரி முகாமில் போட்டிருக்கிறோம் ஐயா.

இன்னும் சில சந்தேகம். தீனியை நாளைக்கே முழுதாக மாற்றிவிடலாமா? கருவாடு போட்டால் முட்டை நாறும் என்கிறாரே பக்கத்து வீட்டு அக்கா? அசோலா என்ற நீரில் மிதக்கும் சிறு செடியைப் போட்டால் தீவனமே வேண்டாம் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன், நிஜமா? அம்மாவுக்கு ஒரே குறை, தன் கையால் ஒரு பிடி சோறாவது போட வேண்டும் என்கிறார். அதுவும் கூடாதா?


திமிரி ஏரிக்கரை எழுதியது:

அசோலா பற்றி நான் சொல்கிறேன், வீட்டில் தொட்டி வைத்திருக்கிறேன். காய்ந்த கணக்கில் அசோலாவில் 20 சதவீதத்துக்கு மேல் புரதம் என்பது உண்மை. ஆனால் கோழி தின்பது பச்சையாகத்தானே? பச்சை அசோலாவில் நூற்றுக்கு 93, 94 பங்கு தண்ணீர். நூறு கிராம் தின்றால் ஒன்றரை கிராம் புரதம் கிடைக்கும். அது நல்ல கீரை. தீவனத்துக்கு மாற்று இல்லை. கோழிக்கு ஒரு பிடி போடுங்கள், கொழுப்பு ஏறாது, மஞ்சள் கரு நல்ல நிறமாக வரும், அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம்.

வைக்கிறதானால் மர நிழலில் வையுங்கள். நம் ஊர் சித்திரை வெயில் நேராகப் பட்டால் சிவந்து செத்துவிடும். தொட்டியில் ஒரு சாண் தண்ணீர்கூட வேண்டாம், அரைச் சாண் போதும். அடியில் சலித்த மண், கரைத்த சாணம். எடுத்ததும் நல்ல தண்ணீரில் அலசிப் போடுங்கள், இல்லையென்றால் சாண வாடைக்குக் கோழி தொடாது.

உண்மையான புரதம் வேண்டுமென்றால் கறையான் பானை வையுங்கள். பழைய பானையில் வைக்கோல், கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் புற்று இருக்கும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் ஏறியிருக்கும். குஞ்சுகளுக்கு இதைவிட நல்லது இல்லை. மருந்து அடித்த இடத்தில் மட்டும் எடுக்காதீர்கள்.


மோர்தானாக் கரை எழுதியது:

திமிரித் தம்பி சரியாகச் சொன்னார். பச்சைக் கீரைக்குக் கீரை வேலை, தீவனத்துக்குத் தீவன வேலை.

லத்தேரித் தம்பி, நாளைக்கே மாற்றாதீர்கள். பழைய தீனியில் கால் பங்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் கலவை. இரண்டு மூன்று நாள் கழித்து அரைக்கு அரை. அப்புறம் முக்கால். பத்து நாளில் முழுதாக மாறிவிடலாம். திடீரென்று மாற்றினால் புதுத் தீனியைச் சீண்டாமல் ஓரமாக நிற்கும், அதைப் பார்த்து அம்மா மறுபடி சோறு போடுவார், எல்லாம் பழையபடி ஆகிவிடும். பன், ரஸ்க்கை மட்டும் படிப்படியாக வேண்டாம், ஒரேயடியாக நிறுத்துங்கள்.

கருவாடு அளவு மீறினால் முட்டை நாறும், பக்கத்து வீட்டு அக்கா சொல்வது உண்மை. பத்துக் கிலோவுக்கு அரைக் கிலோ என்பது அதற்காகத்தான். அதைத் தாண்டாதவரை என் வீட்டில் யாரும் வாடை சொன்னதில்லை, முட்டை வாங்குகிறவர்களும் சொன்னதில்லை. பிடிக்கவில்லையென்றால் கருவாட்டை விட்டுவிட்டு அந்த அரைக் கிலோவுக்கும் சோயாப் புண்ணாக்கையே சேர்த்துக்கொள்ளுங்கள். புரதம் குறையாது.

அம்மா ஒரு பிடி போடட்டும், தாராளமாக. ஒரு நாள் தீனியில் பத்தில் ஒரு பங்கு வரை இப்படிப் போகலாம். பத்துக் கோழிக்கு நூறு கிராம், அம்மா கையால் இரண்டு பிடி. மாலையில் வைக்கோலில் வீசச் சொன்ன தானியத்துக்குப் பதிலாக அன்றைக்குச் சோறு. இரண்டும் சேர்ந்து வேண்டாம். பழைய சோற்றைப் பிழிந்து தண்ணீரை வடித்துவிட்டு, கலவையில் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்து, கோழியைக் கூண்டுக்குள் கூப்பிடும் நேரத்தில் அவர் கையாலேயே போடட்டும். அந்தக் குரலுக்குக் கோழி ஓடி வரும், அவருக்கும் நிறைவு. ஈரத் தீனி அரை மணி நேரத்துக்கு மேல் கிடக்க வேண்டாம், வெயிலில் புளித்துவிடும். தட்டை உடனே கழுவிக் கவிழ்த்துவிடுங்கள்.

கனமான அந்த ஆறு பெட்டைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அக்னி நட்சத்திரம் வருவதற்குள் அவற்றின் உடம்பு முழுதாக இறங்காது, மாதக் கணக்கில் ஆகும். வேர்க்காத உடம்பு கோழிக்கு. வாயால் மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியே விட வேண்டும். தோலுக்கடியில் கொழுப்பு இருந்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும். அதனால் காலை பத்து மணிக்கு மேல் மாலை நாலரை வரை தீனியே வைக்காதீர்கள். தின்றால் செரிக்கும்போது உடம்பு இன்னும் சூடாகும். அந்த நேரத்தில் நிழலும் தண்ணீரும் மட்டும். தின்னும் தீனியைப் போல இரண்டு மடங்கு தண்ணீர் சாதாரண நாளிலேயே குடிக்கும், வெயிலில் இன்னும் அதிகம். மண் சட்டி இரண்டு மூன்று இடத்தில், தள்ளித் தள்ளி வையுங்கள். ஒரே சட்டி என்றால் சேவலும் மூத்த பெட்டையும் இளசுகளை விடாது. மதிலை ஒட்டித் தென்னங்கீற்றில் ஒரு சாய்ப்பு இறக்குங்கள், அடியில் மண்ணை நனைத்து விடுங்கள்.

கூண்டில் அடையும் கம்பு எவ்வளவு உயரம்? கனமான பெட்டைகள் உயரத்திலிருந்து குதித்தால் பாதத்தில் புண் வரும், கொழுப்பு ஈரலுக்கும் ஆகாது. முழங்கால் உயரத்துக்கு இறக்கிக் கட்டுங்கள். மதிய வேளையில் அந்த ஆறையும் துரத்திப் பிடிக்காதீர்கள். எடை போடுவது, தடவிப் பார்ப்பது எல்லாம் ராத்திரியோ விடியலோதான், வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

முதலில் சரியாவது ஓடுதான். கிளிஞ்சல் வைத்தால் சில வாரத்திலேயே கெட்டியாகும். ஒரு முட்டை ஓட்டுக்கு இரண்டு கிராம் சுண்ணாம்புச் சத்து போகிறது, சோற்றில் அது எங்கே இருக்கிறது? முட்டை எண்ணிக்கை மெதுவாகத்தான் ஏறும். சிறுவிடை எப்படியும் பன்னிரண்டு, பதினைந்து முட்டை போட்டு அடைக்கு உட்காரும் ஜாதி. வருஷத்துக்கு அறுபது, எண்பது முட்டைக்கு மேல் அதனிடம் எதிர்பார்க்க வேண்டாம். முட்டை நின்றதும் தீனி போதவில்லை என்று நினைத்துச் சோளத்தை ஏற்றிவிடாதீர்கள். அடைக்கு உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எடை குறைகிறதோ இல்லையோ, ஏதாவது ஒரு பெட்டை இறகைச் சிலிர்த்துக்கொண்டு ஒதுங்கி நின்றால், கொண்டை வெளுத்தால், தீனி தொடாவிட்டால், எடை இறங்குகிறது என்று சந்தோஷப்படாமல் அன்றே மருத்துவரிடம் கொண்டு போங்கள்.


லத்தேரி வாசல் எழுதியது:

ரொம்ப நன்றி அக்கா. கம்பு தோள் உயரத்தில் இருந்தது, இன்றைக்கே இறக்கிக் கட்டிவிட்டேன். கிளிஞ்சல் எங்கே கிடைக்கும்? சுண்ணாம்புக் கடையில் கிடைக்கும் சுண்ணாம்பே போதுமா?


மோர்தானாக் கரை எழுதியது:

ஐயோ, சுட்ட சுண்ணாம்பு வேண்டாம் தம்பி, வாயும் குடலும் வெந்துவிடும். கோழித் தீவனம் விற்கும் கடையில் கிளிஞ்சல் தூள் என்று கேளுங்கள், கிலோக் கணக்கில் தருவார்கள். மாவாக இல்லாமல் குருணையாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். கிடைக்கும் வரை வீட்டு முட்டை ஓட்டையே கழுவி, வாணலியில் லேசாக வறுத்து, முட்டை என்று அடையாளம் தெரியாதபடி நன்றாக நொறுக்கிச் சட்டியில் வையுங்கள். முழு ஓடாக வைத்தால் முட்டையையே கொத்திக் குடிக்கப் பழகிவிடும்.